திட்டினால் பிழைத்தோம்

நான் அன்பாகப் பேசுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். தப்பித்தவறி அன்பாகப் பேசிவிட்டால் என் வீட்டில் உடனே சட்டைப் பையையும் இடுப்பில் கட்டிய சாரத்தின் மடிப்பையும் தடவிப் பார்ப்பார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அபினை விட்டவன் ஒருவன் தன் அனுபவத்தை எழுதினால் மற்றவர்களுக்கு உதவியாக இருக்கும் என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் கேட்டுக்கொண்டார்கள். கேட்டவர்களில் ஒருவர்கூட அந்த நாட்களில் என் கட்டில் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது வெள்ளைக்காரன் திரும்பி வந்து அபினைத் தடை செய்துவிட்டானாம், அதனால் எல்லோருக்கும் திடீர் அக்கறை. இதே வெள்ளைக்காரன் அரசாங்கக் கடை வைத்து விற்றபோதுதான் நான் வாங்கித் தின்னப் பழகினேன். நடுவில் ஜப்பான்காரன் வந்தான். தூங்கிக் கிடக்கும் ஆசியாவை எழுப்பப் போகிறேன் என்று ஒலிபெருக்கியில் கத்தினான். அபின் கடையில் பெயர்ப்பலகை மாறியது, உள்ளே சரக்கு மாறவில்லை. எழுப்ப வந்தவனுக்கும் நாங்கள் தூங்குவதுதான் வசதியாக இருந்தது.

என் பெயர் காசிம். மலாக்கா டவுனில் என் மச்சானுடைய துணிக்கடையில் வேலைக்கு நின்றேன். மச்சான் என்றால் என் மனைவி ஆமினாவின் அண்ணன். ஜப்பான்காரன் காலத்தில் அது துணி இல்லாத துணிக்கடை. பொத்தான், நூல், யாரோ உடுத்திக் கழித்த சட்டை, இவற்றை வைத்துக்கொண்டு மச்சான் முதலாளியாகவே உட்கார்ந்திருந்தார்.

பலர் நினைப்பதுபோல் நான் பாயில் படுத்துக் குழாயில் புகைத்தவனில்லை. மிளகு அளவு உருட்டி, கறுப்புக் காப்பியோடு விழுங்குவேன். புகை கிடையாது, வாடை கிடையாது. கடையில் நின்ற நிலையிலேயே நான் வேறெங்கோ இருக்கலாம். வாடிக்கையாளர் திட்டினால் சிரிப்பேன். மச்சான் திட்டினால் அதைவிட அழகாகச் சிரிப்பேன். "காசிம் நானா மாதிரி பொறுமைசாலி இந்த ஊர்ல இல்லை" என்று தெருவே பேசியது. நானா என்றால் எங்களில் அண்ணன். மனிதனின் பொறுமையை மெச்சுகிறவர்களுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் புத்தி இருப்பதில்லை.

ஒரு மழைக்காலத்தில் அபின் கடையில் சரக்கு நின்றுபோனது. எனக்கு ஓயாமல் கொட்டாவி வந்தது, மூக்கு ஒழுகியது, கண்ணில் நீர் வடிந்தது, தோல் முழுக்கப் புல்லரித்தது. பிறகு வயிறு பிய்த்துக்கொண்டு போயிற்று. அப்போது மலாக்காவில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்குதான். அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்கைத் தின்று தின்று எல்லோருடைய குடலும் நொந்திருந்தது. அதனால் எனக்கும் அதுதான் என்று நினைத்தோம். ஆமினா ஒரு ரிக்‌ஷாக்காரனைக் கெஞ்சிப் பிடித்து, என்னை காஜா பெராங் சாலையில் இருந்த வார்டுக்குக் கொண்டுபோனாள். பெரிய ஆஸ்பத்திரியை ஜப்பான் ராணுவம் எடுத்துக்கொண்டு பொதுமக்களுக்கு இடம் இல்லாததால் மூடிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தை வார்டாக்கியிருந்தார்கள். கரும்பலகையில் யாரோ போட்ட கூட்டல் கணக்கு அழியாமல் இருந்தது, அதுவும் தப்பான கூட்டல்.

வெளி வராந்தாவில் வெகுநேரம் காத்திருந்தோம். என் மலத்தை வாங்கிக்கொண்டு போய்க் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்கள். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், ஒல்லியான மனிதர். டார்ச்சுக்கு பேட்டரி கிடையாது. என்னைச் சன்னல் பக்கம் திருப்பி, கையால் கண்ணை மறைத்து மறைத்து எடுத்து, கருமணியைப் பார்த்தார்.

"உமக்குச் சீதபேதி இல்லை காணும்," என்றார். "இது அபின் விட்ட வருத்தம்."

அவர்கள் ஊரில் வருத்தம் என்றால் நோய். எனக்கு அது தெரியாது. "வருத்தம் இருக்கத்தானே செய்யும் டாக்டர், எத்தனை வருஷப் பழக்கம்!" என்றேன். பக்கத்தில் ஆமினா நின்றாள். மூன்று வருடமாக அவளுக்குத் தெரியாமல் மறைத்ததை ஒரு சொல் புரியாமல் நானே போட்டு உடைத்தேன்.

டாக்டர் எளிமையாகவே விளக்கினார். அபின் குடலைக் கட்டிப்போடும், தின்றுகொண்டே இருப்பவனுக்கு நாள் கணக்கில் வயிறு இளகாது. கண்ணின் கருமணி ஊசிமுனையாகச் சுருங்கும். கோபம், கவலை, வலி எல்லாம் மரத்துப்போகும். விட்டுவிட்டால் எல்லாம் ஒரேயடியாகத் தலைகீழாகும். குடல் அவிழும், கருமணி விரியும், மரத்துக் கிடந்தது எல்லாம் சேர்ந்து வலிக்கும். "இதாலை ஆள் சாகிறது குறைவு," என்றார். "ஆனா செத்தால் நல்லது எண்டு நினைப்பீர்." அந்த மனிதருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அதற்காகவே பின்னாளில் எனக்கு அவரைப் பிடித்தது.

என்னை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள், ஆமினா மட்டும் வீட்டுக்குப் போனாள். மறுநாள் புக்கிட் காதில் என்ற ஊரில் அவள் சொந்தக்காரர்கள் போட்டிருந்த தோட்டத்திலிருந்து கிழங்கு வாங்கி, அவித்துத் தேங்காய்ப்பூ தூவி எடுத்து வந்தாள். அந்தத் தேங்காய்ப்பூவுக்கு அவள் யார் வீட்டில் நின்றாளோ தெரியாது.

என் பக்கத்துக் கட்டிலில் கனகசபை. கனகு என்பார்கள். காஜா பெராங் சிட்டி மக்களில் ஒருவன், அதாவது பல நூறு வருடம் முன்பே இங்கே குடியேறி மலாய் பேசப் பழகிவிட்ட தமிழ்ச் செட்டிகளின் வழி. நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். தமிழில் அவனுக்குத் தெரிந்தது அப்பா, அக்கா, தம்பி முதலான உறவுப் பெயர்களும் பொருள் தெரியாமல் பாடும் நாலு சாமி பாட்டும்தான். தமிழ் பேசத் தெரியாத தமிழன் என்று எனக்கு அவன்மேல் இளக்காரம். அவனும் என்னைப்போல் அபின் தின்றவன், என்னைப்போலவே சரக்கு கிடைக்காமல் படுத்தவன். நாங்கள் மலாயில்தான் பேசிக்கொண்டோம், அவன் பேச்சை நான் தமிழாக்கித் தருகிறேன்.

"நானா, நீ இவ்ளோ தமிழ் பேசறியே, உன் வயித்துக்கு அது தெரியுதா லா?" என்று முதல் நாளே கேட்டான். "ரெண்டு பேரும் ஒரே வாளியிலதான் உட்கார்றோம்."

டாக்டரிடம் அபின் கரைத்த மருந்து ஒரு புட்டி இருந்தது. ராணுவம் அள்ளிக்கொண்டு போனதில் மிஞ்சியது. அதைத் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டு எங்களுக்குக் கொடுப்பார். நாளுக்கு நாள் சொட்டைக் குறைத்துக்கொண்டே வந்தால் உடம்பு மெல்ல மறக்கும் என்பது அவர் வைத்தியம். அந்த ஒரு புட்டியில்தான் இரண்டு பேருக்கும். மருந்து கலக்கும் டிரெஸ்ஸர் சொட்டு விடும்போது கனகுவின் கண் என் கோப்பையில் இருக்கும், என் கண் அவன் கோப்பையில் இருக்கும். அவனுக்கு விழுந்த சொட்டு என் சொட்டைவிடப் பெரிது என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். நாற்பது வயது ஆண்பிள்ளை ஒரு சொட்டின் பருமனுக்காக அழுவது எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

கனகு அபினுக்கு வந்த கதை இது. அவன் தகப்பனார் அபின் பிரியர். அவர் இறந்த பிறகு, மூத்தவள் பாக்கியம் அக்கா நாள்தோறும் அவர் படத்தின் முன்னால் ஒரு சிறு கொம்புச் சிமிழில் அபின் வைத்து வந்தாள். இறந்தவருக்கு எது பிடிக்குமோ அதைப் படைப்பது அவர்கள் வழக்கம். கனகு அந்தச் சிமிழிலிருந்து கிள்ளித் தின்றே பழகினான்.

"ஆனா நான் கொஞ்சம்தான் எடுப்பேன் நானா," என்றான். "சாயங்காலம் பார்த்தா சிமிழ் காலி. மிச்சத்தை எங்க அப்பா வந்து தின்னுட்டுப் போவாங்க."

"செத்தவர் வந்தா?"

"மத்த வீட்டுல முன்னோருங்க வந்து வாசம் மட்டும் பிடிச்சுட்டுப் போவாங்க. எங்க அப்பா அப்படி இல்ல. நல்லாத் தின்னுவாங்க. உயிரோட இருக்கும்போதும் அப்படித்தான்." இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் அத்தனை பெருமை. நான் கட்டிலில் புரண்டு சிரித்தேன். இப்படி ஒரு மடையனுக்குப் பக்கத்திலா என்னைப் போட்டார்கள் என்று டாக்டரிடமே கேட்டேன்.

அந்தப் பாக்கியம் அக்கா தினமும் மத்தியானம் வருவாள். மேலே மலாய்க்காரிகளின் கெபாயாச் சட்டை, கொண்டையில் ஊசிகள், கையில் எனாமல் பாத்திரம். கிழங்கும் மிளகாய்ச் சம்பலும் தம்பிக்கு மட்டுமல்ல, எனக்கும் சேர்த்துக் கொண்டுவருவாள். கனகு பாத்திரத்தைத் தட்டிவிட்டால் குனிந்து பொறுக்குவாள். "பரவால்ல தம்பி, பசிச்சா அப்புறம் சாப்பிடு," என்பாள். வாசலில் ஜப்பான் காவல்காரன் கும்பிடு சரியில்லை என்று கன்னத்தில் அறைந்த நாளிலும் அதே புன்னகையோடு உள்ளே வந்தாள். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிய காலத்தில் அவளுக்கு ஒரு நாள்கூட உடம்புக்கு வந்ததில்லை. வார்டு முழுக்க அவளை மெச்சியது. "உந்த மனிசியைப் பாருங்கோ, என்ன பொறுமை!" என்று டாக்டரே எங்களைக் கடிந்தார். நானும் மெச்சினேன். நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

என் மச்சான் ஒரே ஒரு தடவை வந்தார். வாயில் வெற்றிலை, பின்னால் குடை பிடிக்க ஓர் ஆள். வார்டின் நடுவில் நின்று, எல்லா நோயாளிகளுக்கும் சேர்த்துச் சொற்பொழிவு செய்தார்.

"மாப்ளே, மனசுதான் எல்லாம். மனசு வச்சா மலையைத் தூக்கலாம். என்னைப் பாருங்க, காலையில காப்பிகூடக் குடிக்கிறதில்லை."

எதிர்க் கட்டிலில் காலில் புண் அழுகிக் கிடந்த தோட்டத்துக்காரர், "மனசு வச்சா என் கால் ஆறுமாங்க?" என்று கேட்டார். மச்சான் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். பேசி முடிப்பதற்குள் மூன்று தடவை சன்னல் வழியாக வெற்றிலை துப்பினார். வெற்றிலையை ஒரு வேளை விட்டுவிட்டு வந்து பேசியிருந்தால் கேட்டிருப்பேன்.

பிறகு மருந்துப் புட்டி காலியானது. இன்னும் பல நாள் குறைத்துக்கொண்டே போயிருக்க வேண்டியது, ஒரு காலையில் டக்கென்று நின்றது. டாக்டர் புட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். "இனி உங்களுக்கு நீங்கள்தான் மருந்து," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து வந்த நாட்களைப் பற்றி அழகாக எழுத ஒன்றும் இல்லை. கால்கள் தாமாக உதைத்துக்கொண்டன. எலும்புக்குள் எறும்பு ஊர்ந்தது. தும்மல் வந்தால் இருபது முப்பது வரும். தூக்கம் என்பதே இல்லை. பயம் மட்டும் இருந்தது, எதற்கென்று தெரியாத பயம். ஆமினா வந்தால் ஒளிந்துகொள்ளத் தோன்றும், வராவிட்டால் கதறத் தோன்றும்.

கனகுதான் கேட்க ஆரம்பித்தான். விடிந்ததும் தன் கட்டிலிலிருந்தே கத்துவான்: "போலே தாஹான்?"

தாங்க முடிகிறதா என்று அர்த்தம். எங்கள் ஊர்த் தமிழிலும் தாஹான் பண்ண முடியலை என்றுதான் சொல்வோம். முதல் தடவை கேட்டபோது என் வாயிலிருந்து வந்த பதிலை இங்கே எழுத முடியாது. அவன் தாயில் தொடங்கி ஏழு தலைமுறையையும் தொட்டுவிட்டு முடித்தேன். அவன் நிதானமாகக் கேட்டுவிட்டு, "நல்லது," என்றான். மறுநாள் நான் கேட்டேன். அவன் திட்டினான். மலாய், சீனம், சாமி பாட்டிலிருந்து எடுத்த தமிழ் எல்லாவற்றையும் கலந்து திட்டினான். ஒரே ஒரு சொல்லை மட்டும் அவன் என்மேல் வீசவில்லை. பாபி, அதாவது பன்றி. முஸ்லிமை அந்தச் சொல்லால் திட்டக்கூடாது என்ற மரியாதை அந்த நிலையிலும் அவனிடம் இருந்தது.

ஒருநாள் நான் கேட்டபோது கனகு திட்டவில்லை. "நல்லா இருக்கேன் நானா. நீங்க தூங்கினீங்களா? ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றான். குரலில் தேன். அந்தக் குரல் எனக்குத் தெரியும். கடையில் நின்று மூன்று வருடம் நான் பேசிய குரல் அது. எழுந்துபோய் அவன் தலையணையைக் கிழித்தேன். வார்டைக் கூட்டுகிற ஆளிடம் கள்ளத்தனமாக வாங்கிய அபின் துண்டு ஒன்று பாதி தின்றபடி உள்ளே இருந்தது. அதை என் வாயில் போட்டுக்கொள்ளாமல் சாக்கடையில் எறிந்தேன். அதற்கு மன உறுதி காரணமில்லை. நான் இங்கே நரகத்தில் கிடக்க இவன் மட்டும் சுகமாக இருப்பதா என்ற பொறாமைதான். கனகு பாய்ந்து என்னை அடித்தான். டிரெஸ்ஸர் வந்து பிரித்துவிட்டார்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு சட்டம். கேட்டால் திட்ட வேண்டும். திட்டினால் சுத்தமாக இருக்கிறான். இனிமையாகப் பேசினால் தின்றிருக்கிறான், அல்லது தின்னப் புறப்பட்டுவிட்டான். இதில் நானும் ஒரு தடவை மாட்டினேன். ஒரு மாலை, "என்ன இருந்தாலும் எங்க மச்சான் நல்ல மனுஷன்," என்று சொல்லிவிட்டேன். கனகு உடனே எழுந்து வந்து என் பாயை உதறினான். கூட்டுகிற ஆளின் சரக்கு கீழே விழுந்தது, இன்னும் தொடாதது.

இதைத்தான் நான் எழுத வேண்டுமென்று பெரிய மனிதர்கள் கேட்டார்கள் போலிருக்கிறது. எழுதிவிட்டேன். எங்களைப் பிடித்து நிறுத்தியது உபதேசமில்லை. என் பொய்யின் வாடை தெரிந்த இன்னொரு பொய்யன் பக்கத்துக் கட்டிலில் கிடந்தான், அவ்வளவுதான்.

மெதுவாக உடம்பு தேறியது. கொஞ்சம் தூங்கினேன். கிழங்கு ருசித்தது, அதாவது கிழங்கின் கேவலமான ருசி தெரிந்தது. ஆமினா வந்தபோது, சம்பலில் உப்பு இல்லை என்று கத்தினேன். அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். புண்படுத்திவிட்டேனே என்று பதறினேன்.

"திட்டுங்க," என்றாள். "இன்னும் திட்டுங்க. நீங்க கோவமே படாம சிரிச்சிக்கிட்டு இருந்தீங்களே, அப்பல்லாம் வீட்டுல ஒரு மய்யத்தோட, ஒரு பொணத்தோட குடும்பம் நடத்துற மாதிரி இருந்துச்சு எனக்கு."

அந்த உப்பில்லாத சம்பலை வழித்துத் தின்றேன்.

எங்களை வீட்டுக்கு அனுப்பிய சில நாட்களில் ராணுவம் அந்தக் கட்டடத்தையும் எடுத்துக்கொண்டது. டாக்டரை எங்கோ மாற்றிவிட்டார்கள். தினமும் காலையில் கனகு என் வீட்டு வாசலுக்கு வந்து கேட்பான், நான் திட்டுவேன். நான் கேட்பேன், அவன் திட்டுவான். அக்கம்பக்கத்தார் எங்களுக்குப் பைத்தியம் என்று முடிவுகட்டினார்கள்.

போகிக்கு முன்னால் ஒருநாள் கனகு வேறு முகத்தோடு வந்தான். போகியன்று அவர்கள் வீட்டில் பார்ச்சு. இறந்துபோன முன்னோருக்கு வாழையிலையில் உணவு படைப்பதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள். அவரவருக்குப் பிடித்ததை இலையில் வைத்து, கும்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பார்கள். முன்னோர் உண்டு முடித்த பிறகு உள்ளே போய், படைத்ததைக் குடும்பம் சாப்பிடும்.

"அப்பா இலையில அபின் வைப்பாங்க," என்றான். "வேணாம்னு அக்காகிட்ட சொன்னேன். அப்பா மனசு நோகும் தம்பின்னு சிரிக்கிறாங்க. படைச்சதைத் தின்னாம இருந்தா குத்தம். நானா, நீ வரணும். நான் தனியா தாஹான் பண்ண மாட்டேன்."

எனக்கு மட்டும் என்ன, இரும்பு நெஞ்சா? அபின் இருக்கும் வீட்டு வாசலில் போய் நிற்பது என்று நினைத்தாலே வாயில் நீர் ஊறியது. தவறினால் இருவரும் சேர்ந்தே தவறுவோம், மறுபடி படுக்க வார்டும் கிடையாது. போகாதீர்கள் என்று ஆமினா சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேன். அவள், "நானும் வர்றேன்," என்றாள்.

போகியன்று போனோம். அரிசிச் சோறு ஒரு கை அளவு, மற்ற இலைகளில் எல்லாம் கிழங்கு. பிற மதத்தாரான நாங்கள் முற்றத்தில் நின்றோம். கனகு உள்ளே கும்பிட்டுவிட்டு ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். பிடியில் என் எலும்பு நொறுங்கியது. நானும் விடவில்லை. எல்லோரும் வெளியே வந்தார்கள். பாக்கியம் அக்கா மூத்தவள் என்பதால் கடைசியாக வந்து கதவைச் சாத்தினாள், நேரம் ஆனதும் அவளே முதலில் உள்ளே போனாள்.

பிறகு வாசலுக்கு வந்து எங்களைக் கூப்பிட்டாள். கனகு வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தான். அப்பாவின் இலையில் சிமிழ் திறந்து காலியாக இருந்தது.

"பார்த்தியா நானா!" என்று கூவினான். அவன் கண்ணில் நீர் கொட்டியது. "நான் தொடலை! உன் கையைத்தான் பிடிச்சிட்டு இருந்தேன்! எல்லாத்தையும் அப்பாவே தின்னுட்டாங்க!"

அந்த நேரம் பாக்கியம் அக்கா என் பக்கம் திரும்பினாள். "வாங்க நானா, நல்லா இருக்கீங்களா? வெயில்ல நிக்க வச்சுட்டேனே, மனசுல வச்சுக்காதீங்க," என்றாள்.

தேன் வடியும் குரல்.

எனக்கு எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. அறை வாங்கியும் மாறாத புன்னகை. ஊரே வயிற்றுப்போக்கில் கிடந்தபோது கட்டிப்போட்டதுபோல் இருந்த குடல். வாசல் நிழலில் நின்றவளின் கண்ணைப் பார்த்தேன். நிழலிலும் கருமணி ஊசிமுனையாக இருந்தது. மற்றவர்கள் உள்ளே போன பிறகு மெதுவாகச் சொன்னேன்: "அக்கா, எங்களுக்குத் தெரிஞ்ச குரல் இது."

கனகு என் சட்டையைப் பிடித்தான். "என் அக்காவையா சொல்றே?" என்று கையை ஓங்கினான். பாக்கியம் அக்கா அவன் கையை மென்மையாக இறக்கினாள்.

"நானா சொல்றது சரிதான் தம்பி," என்றாள், அதே புன்னகையோடு. "அப்பா கடைசி நோவுல கிடந்தப்போ, கரைச்சுக் கொடுத்துக் கொடுத்து, எனக்கும் பழகிப்போச்சு. கடையில இல்லாதப்போ வார்டு கூட்டுற ஆள்கிட்ட வாங்கினேன்."

கனகு என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அப்ப அப்பா வரவே இல்லியா?" என்று கேட்டான். "இத்தனை வருஷமா ஒரு நாள்கூட வரலியா?"

யாரைக் கண்டாலும் இளக்காரம் செய்யும் நான் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவனுக்கு அன்றைக்குத்தான் தகப்பன் செத்தார்.

விட்டுவிடுகிறேன் என்று அக்கா அன்றே இனிமையாக ஒப்புக்கொண்டாள். மறுநாளிலிருந்து அந்த வீடே வார்டானது. சொட்டு மருந்து கிடையாது. உடம்பு வற்றிவிடாமல் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் வேண்டும் என்று டாக்டர் எங்களுக்குச் செய்ததுதான் கையில் இருந்த வைத்தியம். பெண்பிள்ளை படுத்திருக்கும் அறையில் நாங்கள் உட்கார முடியாது என்று ஆமினா உள்ளே இருந்தாள். கனகுவும் நானும் கதவுக்கு வெளியே. கனகு அக்காவிடம் அபினைப் பற்றிப் பேசவே இல்லை. விடிந்ததும் கதவைத் தட்டி, "போலே தாஹான், அக்கா?" என்று மட்டும் கேட்டான்.

"நல்லா இருக்கேன் தம்பி. நீ சாப்பிட்டியா?"

கனகு என்னைப் பார்த்தான். ஆமினாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் உள்ளே தேடினாள், ஒன்றும் இல்லை. மறுநாளும் அதே இனிமை, அதற்கடுத்த நாளும் அதே. எனக்கு நம்பிக்கை போய்விட்டது. இத்தனை வருடம் ஊரையே ஏமாற்றியவளிடம் நாம் என்ன செய்துவிட முடியும் என்றேன். கடைசியில் தலை வாரிவிடுகிறேன் என்ற சாக்கில் ஆமினா அந்தக் கொண்டையை அவிழ்த்தாள். உள்ளே துணியில் சுற்றிய கறுப்பு உருண்டை இருந்தது. அதை அவள் கனகுவின் கையில் கொடுத்தாள். அவன் என் கையில் கொடுத்தான். நான் அடுப்பில் போட்டேன். அதன் வாசம் எழுந்தபோது நாங்கள் இருவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினோம்.

அப்புறம் உள்ளே கொட்டாவி கேட்டது. தும்மல் கேட்டது. பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. கனகு காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இவள் செத்துப்போனால் கனகுவின் முகத்தில் எப்படி விழிப்பது என்று நான் பயந்தேன். அவளைக் காட்டிக்கொடுத்தவன் நான்.

விடிந்தது. கனகுவால் கேட்க முடியவில்லை. அதனால் நான் கதவைத் தட்டினேன்.

"அக்கா, போலே தாஹான்?"

இன்னொரு தடவை கேட்டேன். கதவு படார் என்று திறந்தது. எனாமல் கோப்பை ஒன்று பறந்து வந்து என் நெற்றியில் பட்டது. தலை விரித்துப்போட்டு, கண் விரிந்து, மூக்கு ஒழுக, பாக்கியம் அக்கா நின்றாள். அந்தப் பக்கத்து ஏழு வீட்டுக்கும் கேட்கிற குரலில் கத்தினாள்:

"போடா பாபி!"

என் வாழ்நாளில் யாரும் என்னை அந்தச் சொல்லால் அழைத்ததில்லை. தெருவில் போன ஒரு மலாய்க்காரர் திகைத்து நின்று, நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்தார். உள்ளே ஆமினா வாயைப் பொத்திக்கொண்டாள். கனகு தரையில் விழுந்து சிரித்தான், சிரித்துக்கொண்டே அழுதான்.

நான் நெற்றியைத் தடவிக்கொண்டே, இறைவனைப் புகழ்ந்து, "அல்ஹம்துலில்லாஹ்," என்றேன்.